மருத்துவத்தின் நான்காம் உறுப்பு

மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாக வகுத்தார் திருவள்ளுவர். நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு, உடனிருந்து பேணுவோனையும் அவர் சேர்த்து எண்ணினார். இந்நான்காம் உறுப்பின் அருமையை நன்கு புலப்படுத்தும் நோய் மனச்சிதைவு ஆகும்.

மனச்சிதைவு என்பது ஓருடலில் இருவர் வாழும் நிலையன்று. பிறர் கேளாத குரல்களைக் கேட்டல், ஆதாரமின்றி ஐயுறுதல், சிந்தனை தொடர்பறுதல், ஊக்கங் குன்றி ஒதுங்குதல் ஆகியன அதன் குறிகள். பெரும்பாலும் இளமையிலேயே அது தலைகாட்டும். உலகில் ஏறத்தாழ 300 பேருள் ஒருவரை அது பற்றியுள்ளது என்பர். பரம்பரை, மூளையின் இரசாயன மாறுபாடு, வாழ்க்கை இடர் எனப் பல காரணங்கள் கூடி அதனை விளைவிக்கின்றன. ஆகலின் அதனைப் பேயின் செயலென்றோ பெற்றோரின் பிழையென்றோ கூறுதல் பொருந்தாது.

1952 இல் பிரான்சில் குளோர்ப்புரோமசீன் என்னும் மருந்து இந்நோய்க்குப் பயன்படத் தொடங்கிற்று. அதன்பின் நோயாளர் பலர் இல்லந் திரும்பலாயினர். ஆயின் இலங்கையில் மனநல மருத்துவம் நெடுங்காலம் கொழும்பை அடுத்த அங்கொடையையே பெரிதும் சார்ந்திருந்தது. அதனை மாவட்டந்தோறும் பரப்பும் நோக்குடன் 2005 இல் தேசிய மனநலக் கொள்கை வகுக்கப்பட்டது.

இன்று கண்டித் தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் மனநலச் சிகிச்சை உண்டு. எனினும் தெல்தோட்டை, கலகாப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து மகனை அழைத்துவரும் தாய்க்கு அந்நாட் கூலி இல்லை. மகன் கேட்கும் குரல்களைத் தமிழில் கேட்டறிவார் இல்லாவிடத்து, பாதிச் செய்தியே வைத்தியரைச் சேரும். அயலார் பழிச்சொல்லும் இளையவளின் திருமணத் தடையும் அஞ்சி நோயை மறைக்குங் குடும்பங்களும் உள. மறைக்குந்தோறும் நோய் முதிரும்.

இல்லத்தார் செய்யத்தக்கது யாது? இலண்டனில் ஜோர்ஜ் பிறவுண் முதலியோர் நடத்திய ஆய்வுகள், ஓயாது கடிந்துரைக்கும் இல்லங்களில் நோய் மீளுதல் மிகுதி எனக் காட்டின. எனவே நோயாளியின் பொய்யெண்ணத்தோடு வாதிடாது, அவன் அச்சத்திற்கு இரங்குதல் நன்று. குணங்கண்டவுடன் மருந்தை நிறுத்தலாகாது. உறக்கங் குறைதல் நோய் மீளுதற்கு முன்னறிகுறியாகலாம். சாவைப் பற்றிய பேச்சை எளிதாகக் கொள்ளாது உடனே வைத்தியரை நாடல் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் துணையாகும். கோயில் வழிபாடு ஆறுதல் தரும், மருந்திற்கு மாற்றாகாது. விலங்கிடுதலோ கொடுமை. 2001 இல் தமிழகத்து ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியிற் பிணிப்புண்ட மனநோயாளர் 28 பேர் மாண்டனர்.

பேணுவோரும் தளர்வர். தனக்குப் பின் மகனை யார் காப்பார் என்னும் வினா முதிய தாயை உறங்கவிடுவதில்லை. வாரத்தில் ஒருநாள் நோயாளியோடு அமர்ந்து அவளுக்கு ஓய்வளித்தலும், சிகிச்சைநாளில் உடன்செல்லுதலும் அயலார்க்கு அரியன அல்ல. நான்காம் உறுப்பு ஒரு தாய் மட்டும் அன்று, ஊரும் அதுவே.