சுக்கும் சுலைமானியும்: ருசித்துக் குடிப்போம், அறிந்து குடிப்போம்

 

பனிக்காலம் வந்துவிட்டது. ஃபஜ்ர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கத்துக் குளிர் உடம்பில் ஏறுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று நம் ஊர்களில் எங்கு பார்த்தாலும் டீக்கடை வாசலில் கூட்டம்தான். வீட்டில் பெரியவர்களுக்குச் சுக்குக் காபி, பிள்ளைகளுக்கு இஞ்சி டீ, விருந்து முடிந்தால் சுலைமானி, சளி பிடித்தால் ஜோஷாந்தா. இவை நமக்குப் புதியவை அல்ல. ஆனால் எதை எப்படிப் போட்டால் ருசி வரும், எப்போது குடித்தால் உடம்புக்கு நல்லது, எப்போது குடித்தால் கெடுதல் என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. குறிப்பாக நம் பெண்களின் இரத்தசோகைக்கும் டீ குடிக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பு எல்லோரும் அறிய வேண்டிய ஒன்று. அதனால் இம்மாதம் இதைப் பற்றிப் பேசுவோம்.

குளிருக்கு இதம் எங்கிருந்து வருகிறது?

இஞ்சியும் மிளகும் போட்ட பானம் தொண்டையில் இறங்கும்போது சூடு பரவுவதை உணர்கிறோம். இதற்குத் தண்ணீரின் சூடு மட்டும் காரணமல்ல. இஞ்சியின் காரப்பொருளும் மிளகின் காரப்பொருளும், நாக்கிலும் தொண்டையிலும் சூட்டை உணரும் அதே நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன. அதனால்தான் ஆறிப்போன சுக்குக் கஷாயம்கூடச் 'சுடுகிறது'. புதினா இதற்கு நேர்மாறு. அது குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தொடுகிறது. சூடான சுலைமானியில் புதினா இலை போட்டால் சூடும் குளிர்ச்சியும் ஒன்றாகத் தெரிவது இதனால்தான்.

பச்சை இஞ்சியைவிடச் சுக்கு அதிகக் காரமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. இஞ்சி காயும்போது அதிலுள்ள காரப்பொருளில் ஒரு பகுதி, அதைவிடக் கடுமையான வேறொரு பொருளாக மாறுகிறது. ஆகவே இஞ்சி போடும் அளவுக்குச் சுக்கு போட்டால் தொண்டை எரியும்.

இஞ்சிக்கு அரபியில் ஸன்ஜபீல் என்று பெயர். திருக்குர்ஆனில் 76ஆவது அத்தியாயத்தின் 17ஆவது வசனம் சுவனத்துப் பானத்தைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சொல் வருகிறது. 'இஞ்சிவேர்' என்ற நம் பழைய சொல்லே கடல் கடந்து போய்ப் பல மொழிகளில் இஞ்சியின் பெயராக உருமாறியது என்று மொழி அறிஞர்கள் பலர் கருதுகின்றனர்.

சுலைமானி போடும் முறை

நான்கு பேருக்கு நான்கு குவளைத் தண்ணீர். அதில் தட்டிய ஏலக்காய் இரண்டு, கிராம்பு இரண்டு, விரல் நுனி அளவு பட்டை ஒன்று. மூடி வைத்து மூன்று நான்கு நிமிடம் கொதிக்க விடுங்கள். மசாலாவின் மணம் அதன் எண்ணெயில் இருக்கிறது. திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். அடுப்படி மணக்கும், குவளை மணக்காது.

பிறகு அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு தேக்கரண்டி டீத்தூள் போட்டு மூடுங்கள். மூன்று நிமிடம் போதும். டீத்தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பும் துவர்ப்பும் ஏறிவிடும். பால் டீக்கு அந்தக் கடுமை பொருந்தும், சுலைமானிக்குப் பொருந்தாது. வடிகட்டிய பின் கொஞ்சம் சர்க்கரை, இரண்டு புதினா இலை, கடைசியாக அரை எலுமிச்சையின் சாறு. எலுமிச்சை விழுந்ததும் கருஞ்சிவப்பு நிறம் தேன் நிறமாகத் தெளியும். புளிப்பு பட்டால் டீயின் நிறப்பொருள் வெளுப்பதே காரணம். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், மகிழ்வார்கள்.

சுக்குமல்லியும் ஜோஷாந்தாவும்

சுக்குமல்லிக் காபியில் காபித்தூளே கிடையாது. சுக்கு ஒரு பங்கு, கொத்தமல்லி விதை இரண்டு பங்கு, கொஞ்சம் மிளகு, சில ஏலக்காய். இவற்றை லேசாக வறுத்துப் பொடித்து வைத்துக்கொள்ளலாம். ஒரு குவளைக்கு அரைத் தேக்கரண்டி பொடி, இனிப்புக்குக் கருப்பட்டி. பால் சேர்ப்பவர்கள் இறக்கிய பிறகு சேர்க்க வேண்டும். கருப்பட்டியோடு கொதித்தால் பால் திரியக்கூடும்.

ஜோஷாந்தா நம் யுனானி ஹகீம்களின் மருந்து. 'கொதிக்க வைத்தது' என்ற பொருள் தரும் பாரசீகச் சொல் அது. கொதிக்க வைக்காமல் ஊற வைப்பதற்குக் கேஸாந்தா என்று தனிப் பெயர் உண்டு. இதில் ஒரு நல்ல சமையல் பாடமும் இருக்கிறது. வேர், பட்டை, உலர்ந்த பழம் போன்ற கெட்டியானவற்றைக் கொதிக்க வைக்க வேண்டும். பூ, இலை போன்ற மென்மையானவற்றின்மீது வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் போதும். ஆவாரம்பூவையும் துளசியையும் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க விடுவது வீண்.

சளிக்கான ஜோஷாந்தாவில் வழக்கமாகச் சேர்பவை உன்னாப் என்னும் இலந்தை வகைப் பழம், ஸபிஸ்தான் என்னும் நறுவிலி, பிஹிதானா விதை, அதிமதுரம், பனஃப்ஷா பூ. நறுவிலியும் பிஹிதானாவும் தண்ணீரில் வழவழப்பை விடும். அந்த வழவழப்பு தொண்டையில் படிந்து அரிப்பை ஆற்றுகிறது. ஆளுக்கு ஆள் மிஸாஜ் மாறும் என்பது யுனானியின் அடிப்படை. எனவே பக்கத்து வீட்டாருக்கு ஹகீம் எழுதிக்கொடுத்ததை நாமும் வாங்கிக் குடிப்பது அந்த வைத்தியத்துக்கே பொருந்தாது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முறையாகப் படித்த ஹகீமிடமே ஆலோசனை கேளுங்கள்.

டேனரியும் டீக் குவளையும்

கடும் டீ குடித்தால் வாய் வறண்டு நாக்கு இழுப்பது போல இருக்கும். அதுதான் துவர்ப்பு. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. குரோம் வருவதற்கு முன் நம் பகுதியில் தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும். அவற்றிலுள்ள டானின் என்ற பொருள் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, அழுகக்கூடிய பச்சைத் தோலை உறுதியான பதனிட்ட தோலாக மாற்றியது. டீயிலும் அதே இனத்தைச் சேர்ந்த பொருள்கள் இருக்கின்றன. அவை நம் உமிழ்நீரின் புரதத்தோடு ஒட்டுவதால் வாயின் வழவழப்பு போய் நாக்கு இழுக்கிறது. பால் ஊற்றினால் பாலின் புரதம் முந்திக்கொண்டு ஒட்டிவிடும், துவர்ப்பு குறையும். பட்டை தந்த அதே ஆவாரையின் பூவை இன்று நாம் கஷாயமாகக் குடிக்கிறோம். தோலுக்குப் போட்ட கடுக்காயை ஹகீம்கள் ஹலீலா என்ற பெயரில் மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது இரும்புத்தூளோ ஆணியோ பட்டால் கருப்புக் கறை விழும் என்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். டானின் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் வரும் கறை அது. நாம் சாப்பிட்ட உடனே டீ குடித்தால் வயிற்றிலும் இதே போன்ற செயல்தான் நடக்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை டீ பிடித்துக்கொள்கிறது. உடம்பில் சேர வேண்டிய சத்து வீணாகிறது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலையில் எழுந்து, வீட்டாருக்கெல்லாம் சமைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, தான் ஒரு கிளாஸ் டீயோடு கம்பெனி வேனில் ஏறும் சகோதரிகள் நம் வீடுகளில் எத்தனை பேர்! தலைசுற்றல், மூச்சு வாங்குதல், களைப்பு என்று வந்தால் அதற்கும் ஒரு டீ. இந்தச் சுற்றை உடைக்க வேண்டும்.

டீயை விடச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றச் சொல்கிறோம். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். அரசு மருத்துவமனையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஒருபோதும் டீயோடு விழுங்காதீர்கள், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு விழுங்குங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றிலுள்ள சத்து இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். இறைச்சியில் உள்ள இரும்பை டீ அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. ஆகவே பிரியாணிக்குப் பின் வரும் சுலைமானியைவிட, கீரைச் சோறும் பருப்பும் சாப்பிட்ட கையோடு குடிக்கும் அன்றாட டீதான் அதிக இழப்பு. சுக்குமல்லியில் டீத்தூள் இல்லை. சாப்பிட்டதும் சூடாக ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல மாற்று.

ருசிப்பது எப்படி?

வீட்டில் ஒரு நாள் இதைச் செய்து பாருங்கள். ஒரே டீத்தூளை, ஒரே அளவில், மூன்று குவளை வெந்நீரில் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் ஒன்று, நான்கு நிமிடத்தில் ஒன்று, எட்டு நிமிடத்தில் ஒன்று என வடிகட்டுங்கள். சர்க்கரை இல்லாமல் ஒவ்வொரு மிடறாக எல்லோரும் குடியுங்கள். முதலில் மணத்தை முகருங்கள், பிறகு நாக்கில் சற்று நிறுத்தி விழுங்குங்கள். எங்கே மணம் நிற்கிறது, எங்கே துவர்ப்பு தொடங்குகிறது என்பது தெரியும். சர்க்கரை பல குற்றங்களை மறைத்துவிடும். நல்ல தூளும் சரியான நேரமும் இருந்தால் பாதிச் சர்க்கரை போதும்.

தூள் நல்லதா என்று பார்க்க ஓர் எளிய வழி: வெள்ளை வடிதாளில் கொஞ்சம் டீத்தூளைப் பரப்பி, சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். உடனே காவியாகவோ கருப்பாகவோ சாயம் ஓடிப் பரவினால், செயற்கை நிறம் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், மூன்று மிடறாக நிறுத்திக் குடிப்பதும், பானத்தில் ஊதாமல் இருப்பதும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுக்கங்கள். ஊதக்கூடாது என்றால் ஆறும் வரை காத்திருக்கத்தானே வேண்டும்? 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் அறிவித்தது. அடுப்பிலிருந்து இறக்கிய டீயைச் சில நிமிடம் ஆறவிடுங்கள். மிதமான சூட்டில்தான் ஏலக்காயின் மணமும் நாக்குக்குத் தெரியும்.

கவனிக்க வேண்டியவை

• ஒரு கிளாஸ் டீயில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். நாளுக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம். பெரியவர்களுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருப்பட்டியும் தேனும் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

• ஆவாரம்பூக் கஷாயம் குடிக்கிறோம் என்று சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரண்டையும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஜோஷாந்தாவில் அது இருக்கிறதா என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

• ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எந்தக் கஷாயமும் கொடுக்கக் கூடாது.

• இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். தோல் தூசியிலும் இரசாயன நெடியிலும் வேலை செய்யும் சகோதரர்கள் தங்கள் வேலையின் தன்மையை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

• கொதிக்கும் டீயைப் பிளாஸ்டிக் பையில் பார்சல் வாங்காதீர்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. தூக்குவாளியோ பிளாஸ்கோ கொண்டு போங்கள்.

• ரமளானில் இஃப்தாரின்போது முதலில் பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி. டீ சற்றுப் பொறுத்து வரட்டும். வெறும் வயிற்றில் கடும் டீ விழுந்தால் பலருக்கு நெஞ்செரிச்சல் வரும்.

வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு குவளை சூடாகக் கொடுப்பது நம் சமுதாயத்தின் அழகிய பழக்கம். அதை விட்டுவிட வேண்டாம். கொடுப்பதற்கு முன், "சர்க்கரை எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும் மகளோ மருமகளோ மனைவியோ வெறும் டீயோடு வாசலைத் தாண்டினால், "சாப்பிட்டாயாம்மா?" என்றும் கேளுங்கள். வீட்டு ஆண்கள் ஒரு நாள் எழுந்து அந்த இரண்டு இட்லியை எடுத்து வைத்தால் குறைந்துவிட மாட்டோம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், கிடைத்த நிஃமத்துகளை அளவோடு அனுபவித்து நன்றி செலுத்தும் மனதையும் தந்தருள்வானாக. ஆமீன்.