பலர் புழங்கும் கணினி – 6: வருகைப் பதிவு சொல்வதும் சொல்லாததும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1971இல் தொடங்கப்பட்டு, 1985இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் மாற்றம் பெற்ற நிறுவனத்தில், அணு உலை சார்ந்த கணக்கீடுகளுக்கான உயர்திறன் கணினித் தொகுப்புகளை அறிவியலாளர்கள் பலர் பகிர்ந்து பயன்படுத்துகின்றனர். காட்டாங்கொளத்தூர்ப் பல்கலைக்கழகத்திலும் சிறுசேரி மென்பொருள் வளாகங்களிலும் இத்தகைய பகிர்வு அன்றாட நடைமுறை. பலர் வந்துபோகும் அத்தகைய கணினியில் எந்தக் கணக்கு, எப்போது, எங்கிருந்து நுழைந்தது என்பதற்குச் சான்றாக நிற்பது வருகைப் பதிவு.

யூனிக்ஸ் இயங்குதளத்தின் 1971ஆம் ஆண்டு முதல் கையேட்டிலேயே இடம்பெற்ற இந்த ஏற்பாடு, அதன் வழிவந்த லினக்ஸில் நெடுங்காலமாக மூன்று கோப்புகளாக இருந்துவருகிறது. இப்போது உள்ளே இருப்போரை ‘யுடிஎம்பி’யும், வந்துபோனோரின் வரலாற்றை ‘டபிள்யூடிஎம்பி’யும், தோற்றுப்போன முயற்சிகளை ‘பிடிஎம்பி’யும் குறித்துவைக்கின்றன. இவற்றை முறையே ‘ஹூ’, ‘லாஸ்ட்’, ‘லாஸ்ட்பி’ என்னும் கட்டளைகளால் பார்க்கலாம். அவசரத்தில் பயனர் பெயருக்கான இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வோர் உண்டு என்பதாலும், அது அப்படியே மூன்றாம் கோப்பில் பதிந்துவிடக்கூடும் என்பதாலும், அக்கோப்பைப் படிக்கும் உரிமை நிர்வாகிக்கு மட்டுமே தரப்படுகிறது.

‘லாஸ்ட்’ காட்டும் பட்டியலில் கடைசியாக நிகழ்ந்த வருகை முதலில் நிற்க, ஒவ்வொரு வரியிலும் கணக்கின் பெயர், முனையம், வந்த முகவரி, நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், அமர்வின் நீளம் ஆகியவை வரிசையாக அமையும். முனையம் ‘டிடிஒய்1’ எனில் கணினியின் முன்னமர்ந்து நுழைந்தவர். ‘பிடிஎஸ்/3’ எனில் பெரும்பாலும் வலையமைப்பு வழியாக வந்தவர். நீளம் ‘1+02:15’ என்றிருந்தால் ஒரு நாளும் இரண்டேகால் மணி நேரமும் என்று பொருள். வெளியேறிய நேரத்துக்குப் பதிலாக ‘கிராஷ்’ என்றிருந்தால், அமர்வு முறைப்படி முடியுமுன் கணினி நின்றுபோயிருக்கிறது.

இப்பட்டியல் சொல்லாதவையும் உண்டு. முனையம் திறக்காமல் தொலைவிலிருந்து இயக்கப்படும் ஒற்றைக் கட்டளை பொதுவாக இதில் பதிவதில்லை. அதை அறிய, ஒவ்வொரு அடையாளச் சரிபார்ப்பையும் குறிக்கும் வேறொரு பதிவேட்டையும் பார்க்க வேண்டும். ஒரே முகவரியிலிருந்து அடுத்தடுத்துப் பல தோல்விகளும் அவற்றின் முடிவில் ஒரு வெற்றியும் காணப்பட்டால் அது ஐயத்துக்குரியது. எனினும், நுழைந்தது எந்தக் கணக்கு என்பதைத்தான் பதிவு காட்டுமேயன்றி, விசைப்பலகையில் இருந்தது யாருடைய கை என்பதைக் காட்டாது.

இந்த வரம்பின் முக்கியத்துவத்தைத் தமிழகம் 2019இல் உணர்ந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில், நிர்வாகப் பணிக்கென இணையத்தோடு இணைக்கப்பட்ட வலையமைப்பிலிருந்த ஒரு பயனரின் கணினியில் தீநிரல் புகுந்திருந்ததை, கல்பாக்கம் மின்நிலையத்தையும் நடத்தும் இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று உறுதிப்படுத்தியது. முக்கியமான உள்வலையமைப்பு அதிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்ததாகவும் தெரிவித்தது. ஒருவரின் கணினி பிறர் கைக்குப் போனபின், அவர் பெயரில் பதியும் ஒவ்வொரு வரியையும் முகவரி, நேரம் முதலியவற்றோடு ஒப்பிட்டே நம்ப முடியும்.

இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்கவும், கணினிக் கடிகாரங்களை அரசு நேர வழங்கிகளோடு ஒத்திசைக்கவும் நிறுவனங்களைப் பணிக்கிறது. நிர்வாகி உரிமையைக் கைப்பற்றியவர் அதே கணினியிலுள்ள பதிவை அழிக்கவும் திருத்தவும் வல்லவராதலால், அதன் நகல் உடனுக்குடன் வேறொரு கணினிக்குச் சென்று சேர்ந்தால்தான் அப்பதிவு சான்றாக நிற்கும்.

(தொடரும்)