பந்தய விதியும் பிராணாபாயமும்

விதிகள் மனிதனைக் காப்பதற்காக ஏற்பட்டவை. ஆனால் அபாயத்துக்குப் பரிசளிக்கும் விதியொன்று இருக்குமாயின், விவேகியும் அதற்கு இரையாவான். கிளைடர் பந்தயங்களின் சரித்திரம் இதற்குத் தக்க சாட்சி.

கிளைடர் என்பது எஞ்சினில்லாத விமானம். 1920-இல் ஜெர்மனியின் வாஸர்குப்பே மலையில் ஆரம்பித்த இதன் போட்டிகள் இன்று பல தேசங்களில் நடைபெறுகின்றன. மேலெழும் வெப்பக் காற்றினால் உயர்ந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றி, விரைந்து மைதானத்துக்குத் திரும்புகிறவனுக்கே ஜயம். உயரமே அவன் மூலதனம். 1,000 மீட்டர் உயரத்தைச் செலவிட்டால் நல்ல கிளைடர் சுமார் 50 கிலோமீட்டர் செல்லும். முடிவில் மிஞ்சும் உயரமோ, வீணான நேரமேயாகும். ஆதலால் கையிருப்பைக் கடைசிக் காசுவரை செலவழிப்பதே சாமர்த்தியம் என்றாகிவிடுகிறது.

முடிவெல்லை மைதானத்தில் ஒரு கோடாக இருந்தால் விளைவு யாது? பலர் தரையையொட்டிப் பாய்ந்து வந்து அதைக் கடப்பர். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் அவ்வேகத்தைக்கொண்டே சுமார் 100 மீட்டர் எழும்பிச் சுற்றி வந்து இறங்கலாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் தத்தளித்து வருகிறவன் நேரே இறங்கவேண்டியதுதான். திரும்ப முயன்றால் வேகமிழந்து சுழன்று வீழ்வான். எஞ்சினுள்ளவன் மறுமுறை முயலலாம். இவனுக்கு மறுமுறை ஏது? கீழே நிற்பவர்க்கும் ஆபத்துண்டு. 2005-இல் இங்கிலாந்தில் ஹஸ்பண்ட்ஸ் பாஸ்வொர்த் மைதானத்தில், பந்தயம் முடித்துத் தாழ்வாக வந்த கிளைடர் மோதிப் படமெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் மாண்டார்.

இதற்குப் பரிகாரம் உண்டு. செயற்கைக் கோள்களின் உதவியால் விமானத்தின் இடத்தையும் உயரத்தையும் கருவியே பதிவு செய்கிறது. ஆகவே மைதானத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டர் தூரத்தில் ஒரு வட்டத்தை எல்லையாக்கி, அதற்குக் குறைந்தபட்ச உயரமும் விதிக்கலாம். பல போட்டிகளில் அவ்வாறே விதிக்கிறார்கள். அப்போது கையிருப்பு ஒருவனது விருப்பத்தைப் பொறுத்ததாகாமல் அனைவருக்கும் கட்டாயமாகிறது. எல்லோரும் வைத்திருக்கவேண்டிய உயரத்தினால் எவனுக்கும் நஷ்டமில்லையன்றோ?

ஆட்சேபங்களும் உள. விமானியின் கண் வானத்தை விட்டுக் கருவியில் நிலைக்கும் என்பர். சற்றுத் தாழ்ந்தவன் வட்டத்தின் விளிம்பில் திடீரென மேலெழும்பிப் பின்வருவோனுக்கு ஆபத்து விளைப்பான் என்பர். இவை அலட்சியம் செய்யத் தக்கவையல்ல. ஆனால் இரண்டாவது குற்றம் வட்டத்தினுடையதன்று, தண்டனையினுடையது. சில மீட்டர் தாழ்ந்தவனுக்குப் பெரும்பகுதிப் புள்ளிகளும் போய்விடுமென்றால் அவன் எதையும் செய்யத் துணிவான். குறைந்த உயரத்துக்கு ஏற்பப் படிப்படியாகப் புள்ளி குறைத்தால் அத்துணிவுக்குக் காரணமில்லை. முதல் ஆட்சேபத்துக்கும் இது ஒருவாறு சமாதானமாகும். சில மீட்டருக்காகக் கருவியையே உற்று நோக்கவேண்டிய அவசியம் குறையும்.

தரையையொட்டிய பாய்ச்சல் கண்ணுக்கு இனிய காட்சிதான். அதற்காக மனித உயிரைப் பணயம் வைப்பதை நாம் ஒப்புக்கொள்ளோம். ‘விமானியின் விவேகத்தை நம்புகிறோம்’ என்று சொல்லிப் பந்தய நிர்வாகிகள் கைகழுவலாகாது. விவேகத்துக்கு நஷ்டமும் துணிச்சலுக்கு லாபமும் வைத்த பின் விவேகத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.