வலிப்பு நின்றாலும் தடுமாறும் படிப்பு

மாத்திரைக்கு வலிப்பு கட்டுப்படுகிறது. வலிப்பு வந்து மாதக்கணக்காகிறது. ஆனாலும் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை வீட்டுப்பாடத்தை ஆரம்பிக்கவே தடுமாறுகிறது. மூன்று வேலை சொன்னால் முதல் வேலை மட்டும் நடக்கிறது. ‘சோம்பேறி’ என்ற பெயர் சீக்கிரமே வந்துவிடுகிறது. அது பெரிய அநியாயம்.

திட்டமிடுவது, சொன்னதை மனதில் நிறுத்திக்கொண்டே வேலை செய்வது, அவசரத்தை அடக்குவது, ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது ஆகியவற்றை மூளையின் நிர்வாகத் திறன்கள் என்கிறார்கள். இவற்றில் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மடலுக்குப் பெரும்பங்கு உண்டு. அது முழுமையாக முதிர இருபது வயதைத் தாண்டிவிடும். இடையில் வலிப்பு நோய் வந்தால் அந்த வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

மருந்துக்கும் ஓரளவு பங்குண்டு. டோபிராமேட் என்ற வலிப்பு மருந்து சிலருக்குச் சிந்தனையை மந்தப்படுத்தும். ஆனால் பழி முழுவதையும் மாத்திரைமேல் போட முடியாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஹெர்மன் குழு, புதிதாக நோய் கண்டறியப்பட்ட 8 முதல் 18 வயதினரை ஆராய்ந்தது. சிலருக்கு முதல் வலிப்புக்கு முன்பே படிப்பில் சிரமம் இருந்திருக்கிறது.

இத்திறன்களைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா? நினைவாற்றலுக்கான கணினி விளையாட்டுகள் நிறைய உண்டு. ஆடுபவர்கள் அந்த விளையாட்டில் தேறுகிறார்கள். அந்தத் தேர்ச்சி வகுப்பறைவரை வருவது அரிது. அதனால் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் அவனி மோடி குழுவினர் வேறு வழியில் போனார்கள். ‘எபிலெப்சி ஜர்னி’ என்ற அவர்களுடைய இணையவழிப் பயிற்சி 13 முதல் 17 வயதினருக்கானது. மொத்தம் 10 பாடங்கள். கூடவே சிகிச்சையாளர் ஒருவர் காணொளியில் பேசுகிறார். பிள்ளை தன் வாழ்க்கையிலிருந்தே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்கிறது. வழிகளை யோசித்து, ஒன்றைத் தேர்ந்து, செய்து பார்த்து, சரிவரவில்லை என்றால் மாற்றுகிறது. முதற்கட்ட ஆய்வில் முன்னேற்றம் தெரிந்தது. அது சிறிய ஆய்வு என்பதால் முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் விளையாட்டு மதிப்பெண்ணை விட்டு அன்றாட வேலையைப் பயிற்சிக்களமாக்கியதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

இப்பயிற்சி வலிப்பைக் குறைக்காது, மாத்திரைக்கு மாற்றுமல்ல. அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது, எத்தனை முறை வலிப்பு வந்தது என்பதோடு பிள்ளை எந்த வேலையில் தடுமாறுகிறது என்றும் சொல்லுங்கள். நரம்பு உளவியல் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். மருந்தளவை மாற்றிய பிறகு மந்தம் தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்; மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.