கையும் கருவியும் – 9: புள்ளி விழுந்த பலகை

சென்ற வாரம் ஆசாரியின் உளிப்பெட்டியோடு நிறுத்தினோம். இந்த வாரம் உளியே இல்லாத ஒரு பட்டறை.

தென்காசியில் சித்தி கட்டிய வீட்டுக்குப் பெயர் ‘தென்றல்’. பொதிகைப் பக்கத்து ஊரில் வேறென்ன பெயர் வைப்பார்கள்? பெயர்ப்பலகை என் பொறுப்பு. பின்னால் தேக்குப் பலகை, அதன்மேல் தனித்தனியாக வெட்டி ஒட்டிய எழுத்துகள். இதுதான் என் திட்டம். கணினியில் வரைந்து, ஊர் எல்லையில் இருந்த கட்டிங் கடையில் ஃபைலைக் கொடுத்தேன். 4 மி.மீ. பிளைவுட்டை லேசர் மேசையில் வைத்து, மூடியை இறக்கினார் கடைத் தம்பி. நீல வெளிச்சத்தையோ சத்தத்தையோ எதிர்பார்த்தவனுக்கு ஏமாற்றம்தான். சின்னதாக ஒரு பொறி ஊர்ந்து போனது; பின்னாலேயே அடுப்பூதும் வாசனை வந்தது. டீ குடித்து வருவதற்குள் வேலை முடிந்து, எழுத்துகள் பையில் இருந்தன.

வீட்டில் தரையில் பரப்பி அடுக்கினேன். சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“என்னல இது, ‘தெனறல’ன்னு இருக்கு?”

றன்னகரத்தின் புள்ளியும் இல்லை, லகரத்தின் புள்ளியும் இல்லை. கடைக்குப் போன் போட்டேன். “புள்ளி ரெண்டும் சல்லடைக்குள்ள விழுந்துட்டு அண்ணாச்சி, நான் கவனிக்கல” என்றார் தம்பி. லேசர் மேசையின் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தகடு இருக்கும். 8 மி.மீ. புள்ளி வெட்டுப்பட்ட மறுநொடியே அதற்குள் போய்விடும். தவறு அவருடையது இல்லை. மற்ற எழுத்துகளைப் போலப் புள்ளியும் ஒரு தனித் துண்டு என்று வரையும்போது நான் யோசித்திருக்க வேண்டும்.

மரம் வெட்ட இன்று பரவலாகப் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். அதை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அலைநீளம் 10.6 மைக்ரான். மரம் அந்த ஒளியை அப்படியே உறிஞ்சிக்கொள்வதால் பட்ட இடம் எரிந்து ஆவியாகிறது. நான் பார்த்த பொறி மரம் எரிந்தது, ஒளி அல்ல. பி.வி.சி. பலகையை மட்டும் லேசரில் வைக்கவே கூடாது. அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். இயந்திரம் துருப்பிடிக்கும், நுரையீரலும் புண்ணாகும்.

மறுநாள் கடைக்குப் போனபோது தம்பியே ஒரு வழி சொன்னார். கடையின் மறுகோடியில் சி.என்.சி. ரூட்டர் பூஜையறைக் கதவுக்கு மயில் செதுக்கிக்கொண்டிருந்தது. “தேக்குப் பலகையில அதே எழுத்துக்கு 2 மி.மீ. பள்ளம் போட்டுருவோம். எழுத்தும் புள்ளியும் அதுல உக்காந்துக்கும். புள்ளியை எங்க ஒட்டணும்னு தேட வேண்டாம்.”

எண்களால் இயந்திரத்தை ஓட்டும் இந்த முறை அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1952-ல் பொதுவெளியில் ஓட்டிக் காட்டப்பட்டது. அன்று துளையிட்ட காகித நாடா, இன்று ஃபைல். ‘ஜி0’ என்றால் வெட்டாமல் விரைந்து நகர், ‘ஜி1’ என்றால் சொன்ன வேகத்தில் வெட்டிக்கொண்டே போ. இப்படி வரி வரியாக ஆணை. வரியில் இருப்பதை மயிரிழை பிசகாமல் செய்யும். இல்லாததைத் தானாக யோசித்துச் செய்யாது.

ஆனால் லேசரும் ரூட்டரும் ஒரே கோட்டை ஒரே மாதிரி வெட்டுவதில்லை. லேசர் கோட்டின் வழியே சுமார் 0.2 மி.மீ. அகலத்தை எரித்துவிடும். அதில் பாதி துண்டின் பக்கம் போகும், 8 மி.மீ. புள்ளி 7.8 ஆகிவிடும். இறுக்கமாகப் பொருந்த வேண்டிய வேலையில் கோட்டை 0.1 மி.மீ. வெளியே தள்ளி வரைய வேண்டும். இங்கே தள்ளவில்லை. ஃபெவிகாலுக்கு அந்த இடைவெளி வேண்டும்.

ரூட்டரின் சங்கடம் வேறு. அதன் பிட் சுழலும் உருளை. 3 மி.மீ. பிட் போட்டால் பள்ளத்தின் மூலை எதுவும் 1.5 மி.மீ. ஆரத்துக்கு வளைந்துதான் நிற்கும். லேசர் வெட்டிய தகரத்துக்குக் கூர்முனை; அது உட்கார வேண்டிய பள்ளத்துக்கு மழுங்கல் மூலை. எப்படிப் பொருந்தும்? ஆசாரியாக இருந்தால் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டி மூலையை எடுத்துவிடுவார். எங்களிடம் உளி இல்லை. அதனால் எழுத்துகளின் முனைகளை ஒவ்வொன்றாக 1.5 மி.மீ. உருட்டினேன். திரையில் பார்த்தபோது எழுத்து புதிதாகத் தெரியவில்லை; எங்கேயோ பார்த்த பழைய எழுத்தாகத் தெரிந்தது.

ஓலை! பனையோலையில் நார்வழியே நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும்; அதனால்தான் எழுத்தாணி எழுத்தை வளைத்தது என்பார்கள். புள்ளி குத்தினாலும் ஓலை பொத்துப்போகும். மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். எது மெய், எது உயிர்மெய் என்பது படிப்பவர் பாடு. உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் ஓலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு புள்ளியையும் தாங்களே தீர்மானித்து வைக்கவேண்டியிருந்தது. ஓலைக்குப் பயந்து அவர்கள் விட்ட புள்ளியை, சல்லடையை மறந்து நான் விட்டேன். சித்திதான் பதிப்பாசிரியர்.

இரண்டாம் முறை லேசர் போடும்முன் பிளைவுட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினோம். புகைக்கறை டேப்போடு போய்விட்டது. புள்ளிகள் விழாமலிருக்க அவற்றின் கோட்டில் மயிரளவு வெட்டாமல் விட்டு, பிறகு விரலால் அமுக்கி எடுத்தோம். கருகிய ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தேன்; கரி இருந்தால் பசை பிடிக்காது. எழுத்துகளைப் பள்ளத்தில் வைத்தபோது தகரத்தின் வால் கொஞ்சம் முரண்டு பிடித்தது, றகரத்தின் காலை இன்னொரு தேய் தேய்க்க வேண்டியிருந்தது. புள்ளிகள் மட்டும் எந்தத் தொந்தரவும் தரவில்லை. வட்டத்துக்கு ஏது மூலை? வைத்ததும் உட்கார்ந்துகொண்டன.

தம்பி பில் எழுதி நீட்டினார். முதல் வரி: எழுத்து 5. இரண்டாம் வரி: புள்ளி 2.

“புள்ளிக்குத் தனியாவா தம்பி?”

“போன தடவ சேத்துப் போட்டுத்தான அண்ணாச்சி காணாமப் போச்சு!”

(அடுத்த வாரம்: சாரல் காலத்துக்கு வார்னிஷா, எண்ணெயா?)