தோற்ற அணி இறுதிப் போட்டிக்குப் போனது எப்படி?

சித்தன்னவாசல் பக்கத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்பிற்குச் சராசரி நடத்திக்கொண்டிருந்தேன். கணக்கு என்றாலே ஒதுங்கும் மாணவன் ஒருவன் எழுந்தான். “சார், ஷார்ஜாவுல இந்தியா ஒரு மேட்ச் தோத்துட்டு ஃபைனலுக்குப் போச்சுன்னு எங்கப்பா சொன்னாரு. அது எப்படி சார்?”

அன்றைய பாடத்தை அந்தக் கேள்வியே நடத்தியது.

1998 ஏப்ரலில் ஷார்ஜாவில் இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அணிகள் ஒருநாள் தொடரில் ஆடின. ஒவ்வோர் அணியும் மற்ற இரண்டுடனும் இருமுறை மோத வேண்டும். முதல் இரண்டு இடம் பிடிப்பவை இறுதிப் போட்டிக்குச் செல்லும். ஏப்ரல் 22 அன்று நடந்த கடைசி லீக் ஆட்டத்திற்கு முன், இந்தியாவும் நியூசிலாந்தும் தலா ஒரு வெற்றியுடன் சமமாக நின்றன. எனவே இந்தியா தோற்றாலும், நிகர ரன் விகிதத்தில் நியூசிலாந்தை முந்தினால் போதும்.

ஆஸ்திரேலியா 284 ரன் எடுத்தது. இடையில் மணல் புயல் வீசியதால் இந்தியாவுக்கு 46 ஓவர் மட்டுமே. வெற்றி பெற 276 ரன் தேவை. இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற 237 போதும். கரும்பலகையில் வகுத்துப் பார்த்தோம். 276 ÷ 46 = 6. 237 ÷ 46 = 5.15. சச்சின் டெண்டுல்கர் 143 ரன் குவித்தார். இந்தியா 250 எடுத்துத் தோற்றது. ஆனால் தகுதி பெற்றது. இரண்டு நாள் கழித்து, தமது 25ஆவது பிறந்தநாளில் அவர் 134 ரன் எடுக்க, கோப்பையும் வந்தது.

நிகர ரன் விகிதம் என்பது எளிய கழித்தல். தொடர் முழுவதும் அணி எடுத்த ரன்களை ஆடிய ஓவர்களால் வகுக்க வேண்டும். விட்டுக்கொடுத்த ரன்களை வீசிய ஓவர்களால் வகுத்து, முன்னதிலிருந்து கழிக்க வேண்டும். மாணவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று.

1. 2.3 ஓவர் என்பது 2 ஓவர், 3 பந்து. ஓவருக்கு 6 பந்து என்பதால் வகுக்கும்போது அது 2.5.

2. 5 ஓவர் ஆட்டத்தில் ஓர் அணி 3 ஓவரில் 15 ரன்னுக்கு எல்லா விக்கெட்டையும் இழந்தால், 5 ஓவர் என்றே கணக்கு. விகிதம் 5 அல்ல, 3.

3. ஆட்டவாரியான விகிதங்களைக் கூட்டிச் சராசரி காணக் கூடாது.

மூன்றாவதில் நானே தடுமாறினேன். வகுப்பைச் சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை என மூன்று அணிகளாகப் பிரித்து, மைதானத்தில் 5 ஓவர் தொடர் நடத்தினோம். இரண்டு அணிகள் ஆட, மூன்றாவது அணி ஸ்கோர் எழுதும். யாரும் சும்மா இருப்பதில்லை. சித்தன்னவாசல் அணி முதல் ஆட்டத்தில் 5 ஓவரில் 30 ரன் எடுத்தது. அடுத்ததில் 2 ஓவரிலேயே 20 எடுத்து வென்றது. விகிதங்கள் 6, 10. சராசரி 8 என்று எழுதிவிட்டேன். ஸ்கோர் எழுதிய மாணவி, “மொத்தம் 50 ரன், 7 ஓவர்தானே சார்? 7.14 தானே வரும்?” என்றாள். அவள் சொன்னதே சரி. ஓவர்கள் சமமாக இல்லாதபோது விகிதங்களின் சராசரி பொய் சொல்லும். மதிப்பெண், மழையளவு, விளைச்சல் என எங்கும் இதே எச்சரிக்கை தேவை.

கேள்வி கேட்ட மாணவன் இப்போது அணியின் ஸ்கோரர். 2.3ஐ 2.5 என மாற்றாதவர்களை அவன் விடுவதில்லை. உங்கள் பள்ளியிலும் ஒரு பந்தும் மட்டையும் இருக்கும். அடுத்த சராசரிப் பாடத்தை மைதானத்தில் தொடங்கிப் பாருங்கள்.