பக்கெட் பல்லைப் பற்றவைக்க வேண்டாம்



வங்கியில் இருந்த காலத்தில் மண் அள்ளும் இயந்திரங்களுக்கு எத்தனையோ கடன் பரிந்துரைத்திருக்கிறேன். விலைப்பட்டியல், மார்ஜின், தவணை எல்லாம் பார்ப்பேன். அந்தப் பக்கெட்டில் பல் எப்படி நிற்கிறது என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. போன கோடையில் பண்ணைக்குட்டை வெட்டியபோதுதான் அந்தப் பாடம் கிடைத்தது.

மேல்மண் சுலபமாக வந்துவிட்டது. நாலடிக்குக் கீழே சுக்கான் கல். வாடகைக்கு வந்த பொக்லைன் சுரண்டியதே தவிர அள்ளவில்லை. வாடகையோ மணிக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிப் பார்த்தால், ஐந்து பல்லில் ஒன்றைக் காணோம். இரண்டு மழுங்கிப்போய் கட்டைவிரல் மாதிரி இருந்தன. "வெல்டிங் வெச்சுட்டாப் போதும் சார்" என்றார் ஆபரேட்டர் தம்பி. வெல்டரைக் கூட்டிவந்து புதுப் பல் வைத்தோம். சாயங்காலத்துக்குள் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விட்டு, பல் குழிக்குள் விழுந்தது. அரைநாள் வாடகையும் வெல்டிங் கூலியும் போச்சு.

ஏன் ஒடிந்தது? அந்தப் பல் சாதாரண இரும்பு அல்ல. சூடேற்றி, சட்டென்று குளிரவைத்துப் பதமாக்கிய கலப்பு எஃகு. வெல்டிங் சூடு பட்டால் சில இடத்தில் அந்தப் பதம் இளகிவிடும். வேகமாக ஆறும் இடம் நொறுங்கும் தன்மை பெற்று விரிசல் விடும். முன்சூடு கொடுத்து, உலர்த்திய தகுந்த ராடு போட்டுச் செய்தால் நிற்கும்தான். வயல் வரப்பில் யார் அப்படிச் செய்கிறார்கள்? தேய்ந்தபின் கேஸ் வைத்து அறுக்கவும் வேண்டும். அப்போது பக்கெட்டின் உதடும் சேர்ந்து கெடும்.

இதில் நமக்குப் புதிது எதுவும் இல்லை. மரக்கலப்பையில் கொழுவை யாரும் பற்றவைக்கவில்லை. பொருத்தி இறுக்கினார்கள், தேய்ந்தால் கழற்றிக் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். கல்டிவேட்டர் கொழுவும் நட்டு போல்ட்டில்தான் நிற்கிறது. தேய்வது தனியாகக் கழன்று வரவேண்டும், தாங்குவது தேயாமல் இருக்கவேண்டும். அதே கணக்குத்தான் இங்கேயும்.

முன்னால் வாளியும் பின்னால் தோண்டும் கையும் உள்ள டயர் வண்டியில், பக்கெட் உதட்டில் துளைகள் இருக்கும். பல்லை வைத்து நட்டு போல்ட்டால் முடுக்குவார்கள். செயினில் ஓடும் பெரிய வண்டியில், உதட்டில் மூக்கு மாதிரி ஒரு பிடிப்பை முதலிலேயே பற்றவைத்திருப்பார்கள். பல் அதன்மேல் தொப்பி மாதிரி செருகி நிற்கும். குறுக்கே ஒரு பின், அது நழுவாமல் இருக்க ஒரு பூட்டு. சுரங்கங்களில் ஓடும் ராட்சத பக்கெட்டுகளில் அந்த மூக்கையே வெல்டிங் இல்லாமல் ஆப்பு அடித்து நிறுத்தும் முறையும் உண்டு. ஏர்க்காலுக்கு நாம் ஆப்பு வைத்தது போலத்தான்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. தோண்டும்போது வரும் பாரத்தை மூக்கும் இருக்கையும்தான் தாங்கவேண்டும். பின்னும் போல்ட்டும் பல்லைக் கழலாமல் பிடித்து வைக்க மட்டுமே. இடையில் மண்ணோ துருவோ இருந்தால் பல் ஆடும். ஆடினால் பாரம் போல்ட்டுக்குப் போகும், போல்ட் அறுந்துவிடும். அதனால் மாட்டுமுன் கம்பி பிரஷ்ஷால் இருக்கையைச் சுத்தமாகத் தேய்க்கணும். பழைய போல்ட்டை மறுபடி போடக்கூடாது. கடையில் கிடைக்கும் மட்டமான போல்ட்டும் வேண்டாம். தயாரிப்பாளர் சொன்ன தரத்தில் வாங்கணும். சிறிது நேரம் ஓட்டியபின் நிறுத்தி, நட்டை இன்னொரு முறை முடுக்கிப் பார்க்கணும்.

மாற்றும்போது பக்கெட்டைத் தரையில் இறக்கி, கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடவேண்டும். தூக்கி நிறுத்திய பக்கெட்டுக்கு அடியில் யாரும் போகக்கூடாது. பின்னைச் சம்மட்டியால் அடிக்கும்போது இரும்புச் சில் தெறிக்கும். கண்ணாடி போடாமல் அடிக்கவே வேண்டாம்.

பல் இல்லாமல் ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். நேரமும் டீசலும் கூடும். பிறகு மூக்கே தேயும், உதடும் தேயும். அது பெரிய செலவு. நமக்கும் ஒரு நஷ்டம் உண்டு. மண்ணுக்குள் விழுந்த பல் அடுத்த பருவத்தில் ரோட்டவேட்டர் கத்தியில் மாட்டும். என் குழியில் விழுந்ததை மண்ணைக் கிளறித் தேடி எடுத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

மறுநாள் வண்டிக்காரரே புதுப் பல்லும் போல்ட்டும் வாங்கிவந்து மாட்டினார். சுக்கான் கல் பெயர்ந்து வந்தது.

இனி உங்கள் நிலத்துக்கு இயந்திரம் வந்தால், மணிக்கணக்கு தொடங்குவதற்கு முன்பே பல்லை எண்ணுங்கள். கையால் அசைத்துப் பாருங்கள். மாற்றுப் பல்லும் போல்ட்டும் வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். சாயங்காலம் வண்டி கிளம்புமுன் மறுபடி எண்ணுங்கள். குழுவாகச் சேர்ந்து இயந்திரம் வாங்கப்போகிறவர்கள், பல் மாற்றும் செலவை முதல் நாளே கணக்கில் எழுதி வையுங்கள். நான் கடன் கொடுத்த காலத்தில் யாருக்கும் சொல்லாமல் விட்டது இது.